கேட்டைக்கு ஒரு அர்ச்சனை

முப்பத்தெட்டு வருஷம் தஞ்சாவூரில் குடியிருந்துவிட்டு, பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் திருவையாற்றைச் சுற்றிக்காட்ட ஒரு வழிகாட்டியை வைத்துக்கொண்டவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். எல்லாம் என் மகள் செய்த வேலை. அவள் நெதர்லாந்தில் இருக்கிறாள். அங்கே பால் வாங்கப் போவதற்கும் சைக்கிள், பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போவதற்கும் சைக்கிள் போலிருக்கிறது. "ஏழூர் வலம், சைக்கிளில் இரண்டு நாள், வழிகாட்டியுடன்" என்று இணையத்தில் எதையோ பார்த்து, எங்கள் இருவர் பெயரையும் பதிவு செய்துவிட்டுத்தான் என்னிடம் சொன்னாள்.

ஏழூர் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பங்குனியில் நந்திக்குக் கல்யாணம் முடிந்ததும், சித்திரையில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு திருவையாற்றுச் சாமி பல்லக்கில் புறப்படுவார். சுற்றியுள்ள ஆறு ஊர்களுக்கும் போவார். ஒவ்வொரு ஊர்ச் சாமியும் தன் பல்லக்கில் ஏறிக் கூடச் சேர்ந்துகொள்வார். வயலிலும் ஆற்று மணலிலும் பல்லக்குகள் போன வழி எத்தனையோ நூறு வருஷமாக இருக்கிறது. நாங்கள் போனது மாசியில். பல்லக்கும் இல்லை, கூட்டமும் இல்லை. மேட்டூரை மூடியாகிவிட்டதால் ஆறுகளில் தண்ணீரும் இல்லை.

என் கணவர் பாசனத் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். மறதி நோய் வந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. சாவியை எங்கே வைத்தோம் என்கிற மறதி இல்லை, சாவி எதற்கு என்கிற மறதி. குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நிற்பார். சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை போடுவார். ஒரு தடவை கதவைத் திறந்துகொண்டு போய் பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வல்லம் வரைக்கும் நடந்துவிட்டார். ஆனால் சைக்கிள் மட்டும் அவருக்கு மறக்கவில்லை. வாய்க்கால் கரைகளில் முப்பத்துமூன்று வருஷம் சைக்கிள் மிதித்த உடம்பு. ஏற்றிவிட்டால் போதும், முதுகு நிமிர்ந்துவிடும், கால் தானாகச் சுற்றும்.

திருச்சிக்கு வெளியே இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் ஓர் அறை காலியாக இருந்தது. மாதக் கடைசி வரைக்கும் யாருக்கும் தராமல் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். "ரெண்டு நாள் வெளில போயிட்டு வாம்மா. வந்து ஒரு முடிவு சொல்லு. உனக்கும் அறுபத்திமூணு வயசாவுது" என்றாள் மகள். முடியவே முடியாது என்று கத்தினேன். போனை வைத்துவிட்டு, அவர் குளியலறையில் செய்து வைத்திருந்ததைக் கழுவிவிடப் போனேன்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். ராசியான பேனா என்று ஒன்றை வைத்துக்கொண்டு பரீட்சைக்கு வரும் பிள்ளைகளைத் திட்டித் தீர்த்தவள். அப்படிப்பட்டவள் யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள் ஒரு பந்தயம் கட்டினேன். ஏழு கோயிலிலும் அர்ச்சனைக்கு அவர் என் நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டால், அவரை எங்கேயும் அனுப்பமாட்டேன். ஒன்றில் சொல்லாமல் விட்டாலும் திருச்சி அறையை எடுக்கும்படி மகளிடம் சொல்லிவிடுவேன்.

என் நட்சத்திரம் கேட்டை. கேட்டையில் பிறந்த பெண் வந்தால் மாப்பிள்ளையின் அண்ணனுக்கு ஆகாது என்பார்கள். இவருக்கு ஒரே ஒரு அண்ணன். பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு என் மாமியார் மூன்று மாசம் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று படுத்த படுக்கையாகக் கிடந்தார். இவர் கேட்கவில்லை. கல்யாணமாகி முதல் தடவை குடும்பத்தோடு கோயிலுக்குப் போனபோது, குருக்கள் பேர் நட்சத்திரம் கேட்டார். மாமியார் பக்கத்தில் நிற்க, இவர் வேண்டுமென்றே குரலை உயர்த்தி "கேட்டை!" என்றார். மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அன்றிலிருந்து எந்தச் சன்னதியிலும் அந்த ஒரு சொல்லை மட்டும் அவர் உரக்கத்தான் சொல்வார். அண்ணன்காரர் ஒரு குறையும் இல்லாமல் என் கையால் காபி குடித்துக்கொண்டு எண்பத்துமூன்று வயது வரைக்கும் இருந்தார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு வழக்கப்படி சன்னதியில் ஆண்பிள்ளைதான் சொல்வார். நான் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை.

திருவையாற்றுக் கோயில் வாசலில் எங்களுக்குத் தலைக்கவசமும், பச்சை நிறத்தில் கண்ணைக் கூசவைக்கும் மேலங்கியும், தண்ணீரில் கலந்து குடிக்க உப்பும் சர்க்கரையும் போட்ட பொட்டலமும் கொடுத்தார்கள். நீர்மோர் விற்கிற ஊரில் இந்தப் பொட்டலம் எதற்கு என்று கேட்க நினைத்து அடக்கிக்கொண்டேன். எங்களோடு பெங்களூரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். வழிகாட்டி கண்டியூர்ப் பக்கத்துப் பெண், முப்பது வயதிருக்கும். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போய் அவளை வரலாறு எம்.ஏ. படிக்கவைத்தார்களாம். கையில் காகிதமே இல்லாமல் கல்வெட்டைப் பற்றிப் பேசினாள். என் கணவரைப் பற்றி அவளிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. "சாருக்குக் கொஞ்சம் காது மந்தம். ரெண்டு தடவ சொல்லணும், அவ்வளவுதான்" என்று சொல்லி வைத்தேன்.

முதல் அர்ச்சனை திருவையாற்றில். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு பேர், நட்சத்திரம் கேட்டார். என் கணவர் கைகூப்பிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னார். தன் பெயர், பூசம். என் பெயர், "கேட்டை!" அதே உரத்த குரல். மகள் சதயம், மாப்பிள்ளை அவிட்டம், பேரன் திருவோணம். நெதர்லாந்தில் பிறந்த பேரன் நட்சத்திரம் உட்பட எல்லாம் சரி. பெங்களூர்ப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். கோயிலைவிட்டு வெளியே வந்து சைக்கிளில் ஏறும்போது, திருச்சி அறையை யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

திருப்பழனத்துக்குப் போகும் ரோட்டில் பாதிக்கு நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். அறுவடை மிஷின் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. பெங்களூர்க்காரர்கள் நெல்லின் மேலேயே ஏற்றிவிட்டு ஒரு அம்மாளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். என் கணவர் நெல்லின் ஓரத்தை ஒட்டி, ஒரு மணி நசுங்காமல் ஓட்டிக்கொண்டு போனார். "அங்கிள் சூப்பர்" என்றான் பையன் மாதிரி இருந்த அந்தப் பெங்களூர்க் கணவன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திருப்பழனத்தில் பூசமும் வந்தது, கேட்டையும் வந்தது. அதோடு நிறுத்தாமல் தன் அம்மாவின் பெயரையும் அண்ணன் பெயரையும் சொல்லி, அவர்களுக்கும் நட்சத்திரம் சொன்னார். போய்ச் சேர்ந்தவர்களுக்கு யாராவது அர்ச்சனை செய்வார்களா? குருக்களுக்கு என்ன தெரியும், ஆயுளும் ஆரோக்கியமும் வேண்டிச் செய்து முடித்தார். நான் தடுக்கவில்லை. எனக்கு வேண்டியது கேட்டை, அது கிடைத்துவிட்டது. மாமியார் இருந்திருந்தால் என்னை விட்டிருக்கமாட்டார்.

சாயங்காலம் திருச்சோற்றுத்துறைக்குப் போகும் வழியில் எனக்கே பயம் வந்துவிட்டது. அவர் பக்கத்தில் சைக்கிளை ஓட்டிக்கொண்டே பாடம் நடத்த ஆரம்பித்தேன். "உங்க நட்சத்திரம் என்ன?" என்றேன். "பூசம்" என்றார். "என்னோடது?" என்றேன். கொஞ்ச தூரம் பேசாமல் மிதித்தார். "கேட்டை. சொல்லுங்க, கேட்டை" என்றேன். "கேட்டை" என்றார். "இன்னொரு தடவ." "கேட்டை." வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பது மாதிரி கோயில் வாசல் வரைக்கும் சொல்லவைத்தேன். சன்னதியில் சரியாகச் சொன்னார். ஆனால் உரத்துச் சொல்லவில்லை. டீச்சருக்குப் பயந்த பையன் ஒப்பிக்கிற குரலில் சொன்னார்.

வெளியே வந்தபோது வழிகாட்டிப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மேடம், சாருக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

நான் தலைக்கவசத்தின் வாரை மாட்டத் தொடங்கினேன்.

"முன்னாடியே சொல்லியிருந்தா வேனை அவருக்குப் பின்னாடியே வரச் சொல்லியிருப்பேன். இந்த ரோட்டுல லாரி எப்புடிப் போவுதுன்னு பாத்தீங்கல்ல. ஏதாவது ஒண்ணு ஆயிருந்தா நான் என்ன மேடம் பண்ணுவேன்?"

அவள் கோபம் நியாயம். முப்பது வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று சொல்லிக்கொடுத்தவள், ஒரு பொய்யைச் சொல்லி என் கணவரை லாரிக்கு நடுவில் விட்டிருந்தேன். "மன்னிச்சுக்கம்மா" என்றேன். வாழ்நாளில் நான் அதிகம் பயன்படுத்தாத சொல். மறுநாள் காலையில் வேன் அவருக்குப் பத்தடி பின்னால் விளக்கை எரியவிட்டுக்கொண்டு வந்தது.

இரண்டாம் நாள் திருவேதிகுடியில் இரண்டே பேரைச் சொன்னார், தன்னையும் என்னையும். மகளும் மாப்பிள்ளையும் பேரனும் போய்விட்டார்கள். நான் இருந்தேன். ஒரு தாய் இப்படிச் சந்தோஷப்படலாமா தெரியாது, நான் பட்டேன்.

கண்டியூருக்குப் போகும்போது அவர் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஒரு வளைவில் சறுக்கு மணல் கிடந்தது. திரும்பிப் பார்த்து, "பாத்து வாங்க, மணலா இருக்கு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னை வா, போ என்று மட்டுமே கூப்பிட்டவர். எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை. வேன் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது.

கண்டியூரில் பூசம் சொன்னார். அப்புறம் நின்றுவிட்டார். குருக்கள் பூவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டு என் பெயரையும் நட்சத்திரத்தையும் முணுமுணுத்தேன். அவர் திருப்பிச் சொல்லவில்லை, ஆனால் குருக்களுக்குக் கேட்டுவிட்டது, அவரே சேர்த்துக்கொண்டார். பரீட்சை ஹாலில் இந்தக் காரியம் செய்தவளைப் பிடித்திருந்தால் பேப்பரைப் பிடுங்கி வெளியே அனுப்பியிருப்பேன். அன்றைக்கு மட்டும் அதைப் பாஸ் என்று போட்டுக்கொண்டேன்.

திருப்பூந்துருத்திக்கு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் உச்சிக்கால பூஜை முடிந்து நடை சாத்தியிருந்தது. வாசலிலேயே கும்பிட்டோம். பெங்களூர்க்காரர்களுக்கு ஏமாற்றம். எனக்கு உள்ளூர நிம்மதி. பரீட்சை ஒத்திவைக்கப்பட்ட பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு வாய்க்காலின் தலைமதகு ஓரமாக, புங்கமரத்தடியில் உட்கார்ந்தோம். அவர் தயிர்சாதத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து மதகருகில் போனார். ஷட்டரைத் தடவிப் பார்த்தார். வழிகாட்டிப் பெண் கூடவே போனாள். இந்த வாய்க்கால் எத்தனை வேலி நிலத்துக்குப் பாய்கிறது, கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும், எந்த வருஷத்து வெள்ளத்தில் கரை எங்கே உடைந்தது, சாக்கு மூட்டை அடுக்கி அடைத்தவர்கள் யார் யார் என்று அரை மணி நேரம் சொன்னார். அவள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நோட்டை எடுத்து எழுதிக்கொள்ளவும் ஆரம்பித்தாள்.

பெங்களூர்ப் பெண் என்னிடம், "அங்கிளுக்கு என்ன மெமரி ஆன்ட்டி!" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மதகின் மேல் பொறாமையாக இருந்தது. உடைந்த கரைகள் எல்லாம் தலைக்குள் பத்திரமாக இருக்கின்றன. கரையைக் காவல் காத்துவிட்டு விடியற்காலையில் சேறும் சகதியுமாக வந்தவருக்கு வெந்நீர் போட்டுக்கொடுத்தவள் எங்கே? அவள் எந்த மதகு வழியாக வடிந்து போனாள்? எழுந்துபோய் அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. சாப்பிட்ட இலைகளை எடுத்து மடித்துப் பையில் போட்டேன்.

கடைசியாகத் தில்லைஸ்தானம். சாயங்காலம் ஐந்து மணி. கோயிலில் எங்களைத் தவிர யாரும் இல்லை. பெங்களூர்க்காரர்கள் பிராகாரத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வழிகாட்டிப் பெண் வெளியே நின்று சைக்கிள்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை எதுவும் சொல்லிக்கொடுப்பதில்லை, இருமுவதும் இல்லை என்று முடிவெடுத்துக்கொண்டு சன்னதிக்குள் போனேன். ஏமாற்றி ஜெயித்து அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் என்ன செய்வது? மறுநாள் காலையிலும் அதே முகத்தைத்தானே பார்க்கவேண்டும்.

வயதான குருக்கள். தட்டை வாங்கிக்கொண்டு, "யார் பேருக்கு?" என்றார்.

அவர் தன் பெயரைச் சொன்னார். பூசம் என்றார். அம்மா பெயரைச் சொன்னார். மகளின் பெயரைச் சொன்னார், சிறு வயதில் கொஞ்சிக் கூப்பிட்ட பெயரை. குருக்கள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு அவர் என் பக்கம் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிடுவார் என்று நிஜமாகவே நினைத்தேன். அவ்வளவு கனிவாகப் பார்த்தார்.

"இவங்களுக்கும் சேத்துப் பண்ணிடுங்க சாமி" என்றார் குருக்களிடம். "ரெண்டு நாளா கூடவே வர்றாங்க. ரொம்ப ஒத்தாசையா இருக்காங்க."

குருக்கள் என்னைப் பார்த்தார். என் கழுத்தில் இருந்த தாலியைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பேர், நட்சத்திரம் நீங்களே சொல்லிடுங்கோம்மா" என்றார்.

பெயரைச் சொன்னேன். "கேட்டை" என்றேன். எனக்கே கேட்காத குரலில்தான் வந்தது.

"கேட்டையா?" என்றார் என் கணவர். அப்போதுதான் அறிமுகமானவரிடம் பேசுகிற மரியாதையோடு என் பக்கம் கொஞ்சம் குனிந்தார். "நல்ல நட்சத்திரங்க. யாரு என்ன சொன்னாலும் காதுல போட்டுக்காதீங்க."

குருக்கள் மந்திரம் சொல்லிக்கொண்டே பூவைப் போட்டார். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. அழுதேன். சன்னதியில் அழுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும், நடிக்கிறார்கள் என்று நினைப்பேன். அன்றைக்குப் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். என் கணவர் தர்மசங்கடத்தோடு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

வெளி மண்டபத்தில் உட்கார்ந்து மகளுக்குச் செய்தி அனுப்பினேன். அந்த அறையை நாம் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிடு, மாதக் கடைசி வரைக்கும் காக்க வேண்டாம் என்று எழுதினேன். உடனே அழைத்தாள். நான் எடுக்கவில்லை.

வேனில் அவர் முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்தார். மடியில் விபூதியும் ஒரு தேங்காய் மூடியும் வைத்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் ஜன்னலோரமாக ஒடுங்கிக்கொண்டார். பஸ்ஸில் முன்பின் தெரியாத பெண்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தால் நம் ஊரில் கௌரவமான ஆண்கள் விடுகிற இடைவெளி ஒன்று உண்டு. தேங்காய் மூடியை அந்த இடைவெளியில் வைத்து என் பக்கம் நகர்த்தினார்.

"எடுத்துக்கங்க. வீட்டுக்காரருக்குக் கொண்டுபோய்க் குடுங்க" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அவரு வரலீங்களா?" என்றார்.

"வரலீங்க" என்றேன்.